இருநிற வியர்வைத் தேனீயை அடையாளம் காணுதல்: ஒன்ராறியோவில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ரொறன்ரோ மாநகரம் தனது அதிகாரபூர்வத் தேனீயாகத் தேர்ந்தெடுத்திருப்பது, பெட்டிகளில் வளர்க்கப்பட்டுத் தேன் தரும் தேனீயை அன்று. மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்வதும், தலையும் மார்பும் உலோகப் பச்சையாய் மின்னுவதுமான அகபோஸ்டெமன் விரெசென்ஸ் என்னும் இருநிற வியர்வைத் தேனீயே அந்தப் பெருமைக்கு உரியது. தேன்கூட்டுத் தேனீ பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகளால் வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. இந்தப் பச்சைத் தேனீயோ அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இந்நிலத்துக்கு உரியது. டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் யோஹான் கிறிஸ்டியன் ஃபப்ரீசியஸ் 1775ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்துப் பெயரிட்டார். ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் பின்வளவில் கத்தரி, மிளகாய், சூரியகாந்தி என்று வைத்திருக்கும் தமிழ் வீடுகள் பலவற்றுக்கு இத்தேனீ கோடைதோறும் வந்து போகிறது. ஆனாலும் அதைக் கண்டவர்களிற் பலர், பச்சை ஈ என்றோ சிறு குளவி என்றோ எண்ணிக் கடந்துவிடுகிறார்கள்.

ரொறன்ரோவில் மட்டும் 360க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் பதிவாகியுள்ளன. கனடா முழுவதிலும் 800க்கும் மேல். அவற்றுள் ஒளிப்படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இனப்பெயரை உறுதியாகச் சொல்லக்கூடியவை மிகச் சில. அகபோஸ்டெமன் விரெசென்ஸின் பெண் அந்தச் சிலவற்றுள் ஒன்று. அதே இனத்தின் ஆணை அவ்வாறு சொல்ல இயலாது. அதன் உறவினர்களான முழுப்பச்சைத் தேனீக்களைப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வரை கொண்டுபோகவே நல்ல படங்கள் வேண்டும். ஒரே பூவில் அரை மணி நேரத்துக்குள் வந்து போகக்கூடிய இந்த மூன்று நிலைகளையும் பிரித்தறியக் கற்றுக்கொள்பவர், வேறெந்தத் தேனீயை எதிர்கொண்டாலும் எதைச் சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்திருப்பார். ஆகவேதான் புதிதாகத் தொடங்குவோர் நூறு இனங்களின் படங்களை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது என்று கருதுகிறேன்.

முதற்படி: எதிரில் இருப்பது தேனீதானா?

பச்சையாய் மின்னும் பூச்சி அனைத்தும் தேனீ அன்று. குப்பைத்தொட்டிகளின் அருகே சுற்றும் லூசிலியா வகைப் பச்சை ஈக்கள் பூக்களுக்கும் வரும். ஈக்கு இரண்டு இறகுகள், தேனீக்கு நான்கு. ஆனால் அமர்ந்திருக்கும் தேனீயின் இறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருப்பதால் இறகுகளை எண்ண முயல்வது வீண். உணர்கொம்புகளைப் பாருங்கள். ஈயின் உணர்கொம்பு முகத்தின் நடுவே மிகச் சிறியதாக, அநேகமாகக் கண்ணுக்குத் தெரியாததாக இருக்கும். தேனீயின் உணர்கொம்போ நீண்டு, முழங்கை போல் மடிந்திருக்கும். ஈயின் கண்கள் தலையின் பெரும்பகுதியை நிரப்பி ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். தேனீயின் கண்கள் இரு பக்கங்களிலும் நீள்வட்டமாக விலகி நிற்கும்.

குயில் குளவிகள் இன்னும் எளிதில் ஏமாற்றக்கூடியவை. அவை பச்சையும் நீலமும் கலந்து, எந்தத் தேனீயையும் விடக் கூடுதலாக மின்னுபவை. அவற்றின் உடல் கடினமானது; மேற்பரப்பு முழுவதும் ஆழமான குழிகள் செறிந்திருக்கும்; மயிர் மிகக் குறைவு; மகரந்தம் சுமக்கும் அமைப்பு அறவே இல்லை. அச்சுறுத்தினால் உருண்டையாகச் சுருண்டுகொள்வது அவற்றின் இயல்பு. வியர்வைத் தேனீ எதுவும் அவ்வாறு செய்வதில்லை. பின்னங்காலில் மஞ்சள் தூளாக மகரந்தம் ஒட்டியிருப்பதைக் கண்டால் ஐயம் அதோடு தீர்ந்தது: அது பெண் தேனீ.

இரண்டாம் படி: எந்தக் குடும்பம் என்று அறிதல்

வியர்வைத் தேனீக்களின் குடும்பம் ஹாலிக்டிடே. உலகெங்கும் 4,500 அளவில் இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தின் சில உறுப்பினர், உப்புக்காக மனிதர் வியர்வையை நக்க வருவதால் இப்பெயர் நிலைத்தது. அகபோஸ்டெமன் அப்பழக்கத்தைப் பெரிதும் காட்டுவதில்லை. எனவே கையில் வந்து அமர்ந்தது என்பதையோ, அமரவில்லை என்பதையோ அடையாளக் குறியாகக் கொள்ள வேண்டாம்.

மகரந்தம் எங்கே சுமக்கப்படுகிறது என்பது முதல் நல்ல தடயம். வியர்வைத் தேனீப் பெண் தன் பின்னங்கால்களின் மயிர்களில் உலர்ந்த தூளாகவே மகரந்தத்தைச் சுமக்கும். தேன்கூட்டுத் தேனீயும் பம்பிள் தேனீயும் அதனை ஈரமாக்கிப் பின்னங்காலின் வெளிப்புறத்தில் உருண்டையாகத் திரட்டிக்கொள்ளும். ஒஸ்மியா பேரினத்தில் பச்சையாகவும் நீலமாகவும் மின்னும் இனங்கள் உள்ளன. அவை வயிற்றின் அடிப்புறத்தில் மகரந்தத்தைச் சுமப்பதால் பக்கவாட்டுப் படம் ஒன்றே அவற்றை விலக்கப் போதுமானது. செரட்டினா எனப்படும் சிறிய தச்சுத் தேனீக்களும் கருநீலம் அல்லது கரும்பச்சையில் ஒளிர்பவை. அவற்றின் உடல் ஏறக்குறைய மயிரற்றது. முகத்தில் வெண்ணிறக் குறி ஒன்று பெரும்பாலும் காணப்படும்.

தெளிவான இறகுப் படம் கிடைத்தால் இன்னும் உறுதியான சான்று உண்டு. முன்னிறகின் நடுப்பகுதியில், அடிநரம்பு என்று சொல்லப்படும் குறுக்கு நரம்பு, ஹாலிக்டிடே குடும்பத்தில் வில்லாக நன்கு வளைந்திருக்கும். பிற குடும்பங்களின் பெரும்பாலான தேனீக்களில் அது நேராகவோ சற்றே வளைந்தோ இருக்கும். கைத்தொலைபேசிப் படத்தில் இதைக் காண்பது அரிது. ஆனாலும் ஒருமுறை நல்ல மேக்ரோ படத்தில் அதனைக் கண்டு பழகிக்கொள்வது பின்னர் பலமுறை உதவும்.

மூன்றாம் படி: பெண்ணின் இருநிறம்

இனி மையக் கேள்விக்கு வருவோம். அகபோஸ்டெமன் விரெசென்ஸின் பெண் ஏறத்தாழ 11 மில்லிமீற்றர் நீளமுடையது, அதாவது தேன்கூட்டுத் தேனீயைவிடச் சற்றுச் சிறியது. தலையும் மார்பும் பளிச்சிடும் பச்சை. வயிற்றுப் பகுதி கறுப்பு. அதில் உலோக மினுக்கம் இல்லை. ஒவ்வொரு வயிற்று வளையத்தின் தொடக்கத்திலும் வெண்மயிர்ப் பட்டை ஒன்று ஓடும். ஒன்ராறியோவில் அகபோஸ்டெமன் பேரினத்தின் வேறு மூன்று இனங்களும் உண்டு: செரிசியஸ், ஸ்பிளென்டென்ஸ், மற்றும் டெக்ஸானஸ் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டுவந்தது. இம்மூன்றின் பெண்களுக்கும் வயிறும் பச்சையே. எனவே முன்பாதி பச்சையும் பின்பாதி கறுப்புமான பெண் அகபோஸ்டெமனை இங்கே கண்டால் அது விரெசென்ஸ்தான்.

எளிமையான இந்த விதியைப் பயன்படுத்தும்போது மூன்று இடங்களில் எச்சரிக்கை வேண்டும்.

முதலாவது, ஒளி. உலோக நிறம் சாயத்தால் வருவதன்று. தோலின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால் வருவது. ஆகவே அது கோணத்துக்கு ஏற்ப மாறும். பூவிதழின் நிழலில் வயிறு மறைந்திருந்தால், முழுப்பச்சைத் தேனீயின் கரும்பச்சை வயிறும் படத்தில் கறுப்பாகவே தோன்றும். பலர் தவறான பெயரைப் பதிவது இந்த இடத்தில்தான் என்று எண்ணுகிறேன். வயிற்றின்மேல் நேரடி வெயில் விழும் படம் ஒன்றாவது இல்லாமல் கறுப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். அவ்வாறே முகில் மூடிய நாளில் பச்சை நீலமாகத் தெரியலாம். நிறத்தின் சாயலை மட்டும் கொண்டு இனம் பிரிப்பது பயனற்றது.

இரண்டாவது, தேய்மானம். வெண்பட்டைகள் மயிரால் ஆனவை. இளவேனிலில் வெளிவந்து வாரக்கணக்கில் மண் தோண்டி மகரந்தம் சுமந்த பெண்ணுக்கு, ஜூலை மாத அளவில் அம்மயிர்கள் உதிர்ந்து, இறகு ஓரங்களும் கிழிந்திருக்கும். பட்டை தெரியவில்லை என்பதற்காக விரெசென்ஸை விலக்கிவிட வேண்டாம். தோல் கறுப்பா பச்சையா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, மகரந்தம். சூரியகாந்தியிலோ எக்கினேசியாவிலோ புரண்டெழுந்த தேனீயின் வயிற்றில் படிந்த மஞ்சள் தூள், மஞ்சள் வரிகளென மயக்கும். பெண்ணை ஆணென்று எண்ணுவதற்கு இது ஒரு காரணம்.

நான்காம் படி: ஆணைக் கண்டால் பேரினத்தோடு நிறுத்துதல்

ஆணின் தலையும் மார்பும் பெண்ணைப் போலவே பச்சை. ஆனால் வயிறு மஞ்சளும் கறுப்பும் மாறிமாறி வரும் வரிகளைக் கொண்டது; கால்களிற் பெரும்பகுதி மஞ்சள்; முகத்தின் கீழ்ப்பகுதியிலும் மஞ்சள் உண்டு. உடல் பெண்ணைவிட மெலிந்தது. மகரந்தம் சுமப்பதில்லை. உணர்கொம்பும் நீளமானது: தேனீக்களில் பெரும்பாலும் ஆணின் உணர்கொம்பில் 13 கணுக்களும் பெண்ணினதில் 12 கணுக்களும் இருக்கும். பச்சை முன்பாதியும் மஞ்சள் வரிப் பின்பாதியும் சேர்ந்த இத்தோற்றம், ஒன்ராறியோவில் வேறெந்தத் தேனீப் பேரினத்துக்கும் இல்லை. ஆகையால் 'அகபோஸ்டெமன் ஆண்' என்று தயங்காமல் எழுதலாம்.

அதற்கு அப்பால் செல்வதில்தான் சிக்கல். மேலே சொன்ன நான்கு இனங்களின் ஆண்களும் இதே கோலத்தை உடையவை. பெண்களைப் பிரிக்கும் இருநிற விதி ஆண்களுக்குப் பொருந்தாது. பின்னந்தொடையின் பருமன், வயிற்றின் அடிப்புறத் தகடுகளின் நிறமும் வடிவமும், இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டே வல்லுநர் ஆண்களைப் பிரிக்கிறார்கள். பூவின்மேல் அமர்ந்த தேனீயை மேலிருந்து எடுத்த படத்தில் இவற்றுள் எதுவும் தெரியாது. அந்தப் பூவில் அதே நாளில் விரெசென்ஸ் பெண்ணைக் கண்டோம், ஆகவே இதுவும் விரெசென்ஸ் என்று வாதிடுவது இயல்பாகத் தோன்றலாம். ஆனால் அது ஊகமேயன்றிச் சான்று அன்று. இரண்டு அல்லது மூன்று அகபோஸ்டெமன் இனங்கள் ஒரே புல்வெளியில் உணவு தேடுவது அரிய நிகழ்ச்சி அன்று.

ஐந்தாம் படி: முழுப்பச்சைத் தேனீக்கள்

வயிறும் பச்சை என்று உறுதியானபின் எதிர்ப்படும் பாதைகள் நான்கு. அகபோஸ்டெமனின் ஏனைய பெண்கள் ஒரு பாதை. ஆகோக்ளோரா, ஆகோக்ளொரெல்லா, ஆகோக்ளொரோப்சிஸ் என்னும் மூன்று நெருங்கிய பேரினங்கள் மற்ற மூன்று. பெயர்களே ஒன்றுபோல் ஒலிப்பதால் தொடக்கத்தில் குழப்பம் நேர்வது இயல்பு. பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அகபோஸ்டெமனுக்கே உரிய குறி, மார்பின் பின்முகத்தில் இருக்கிறது. வயிற்றை நோக்கிச் சரியும் அந்தப் பரப்பை, உயர்ந்த விளிம்பு ஒன்று முழுவதுமாகச் சுற்றிவரும். பின்புறமிருந்து சற்று மேலாக எடுத்த கூர்மையான படத்தில் இவ்விளிம்பைக் காண இயலும். மற்ற மூன்று பேரினங்களில் இத்தகைய முழுமையான விளிம்பு இல்லை.

ஆகோக்ளோரா பூரா ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் நீளமுள்ள, பெண்ணும் ஆணும் ஒருங்கே பச்சையான தேனீ. இது மண்ணில் அன்றி, மக்கிய மரத்தின் பட்டைக்கு அடியில் கூடமைப்பது. எனவே மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்குகளின் அருகே இதனை எதிர்பார்க்கலாம். ஆகோக்ளொரெல்லா அவுராட்டா இன்னும் சிறியது, பச்சையோடு செம்புநிறமோ பொன்னிறமோ கலந்து ஒளிர்வது பெரும்பாலும் உண்டு, மண்ணில் கூடமைக்கும். இவ்விரண்டையும் நிறத்தாலும் அளவாலும் பிரிக்க முயல்பவர்கள் தவறு செய்கிறார்கள். தாடையில் கூடுதல் பல் உண்டா என்பதும், முன்னிறகின் ஓரக் கலம் (முன்னோரத்தை ஒட்டி நரம்புகளால் சூழப்பட்ட பகுதி) நுனியில் வெட்டுண்டதுபோல் முடிகிறதா, கூர்ந்து முடிகிறதா என்பதுமே நம்பத்தக்க வேறுபாடுகள்: ஆகோக்ளோராவில் கலத்தின் நுனி வெட்டுண்டிருக்கும், ஆகோக்ளொரெல்லாவில் கூர்ந்திருக்கும். ஆகோக்ளொரோப்சிஸைப் பிரிக்க இறகின் அடியைப் பார்க்க வேண்டும். அங்குள்ள சிறு மூடியின் உள்விளிம்பு அப்பேரினத்தில் உள்நோக்கி வளைந்திருக்கும். மற்றவற்றில் அது எளிய நீள்வட்டம்.

இக்குறிகள் எவையும் தெரியாத படம் உங்களிடம் இருந்தால், 'ஆகோக்ளோரினி குலம்' என்றோ, அதுவும் இயலாவிட்டால் 'பச்சை வியர்வைத் தேனீ, ஹாலிக்டினே துணைக்குடும்பம்' என்றோ எழுதிவிடுங்கள். அகபோஸ்டெமனின் முழுப்பச்சைப் பெண்களுக்குள் இனம் பிரிப்பதும் இவ்வாறே: மார்பின் மேற்பரப்பிலுள்ள நுண்குழிகளின் அளவையும் செறிவையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டே அது செய்யப்படுகிறது. டெக்ஸானஸ் குழுவின் பெயரிடல் அண்மை ஆண்டுகளில் திருத்தப்பட்டிருப்பதால், பழைய கையேட்டில் கண்ட பெயரை அப்படியே எழுதுவதும் பாதுகாப்பானது அன்று.

ஆறாம் படி: படம் எடுக்கும் முறை

மேலே சொன்ன குறிகளை அறிந்தபின், எவ்வாறு படம் எடுக்க வேண்டும் என்பது தானே விளங்கும். ஒரு தேனீக்கு ஐந்து கோணங்கள் வேண்டும்: மேலிருந்து வயிறு முழுவதும் தெரிய ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, பின்புறமிருந்து சற்று மேலாக ஒன்று, இறகு விரிந்த நிலையில் ஒன்று. ஐந்தும் கிடைப்பது அரிது. முதல் இரண்டு இல்லாமல் திரும்ப வேண்டாம். கைத்தொலைபேசியின் தொடர்படப் பதிவை இயக்கி வையுங்கள். அதனுடன் கவ்வும் மேக்ரோ லென்ஸ் ஒன்று இருந்தால் போதும், விலையுயர்ந்த கமரா தேவையில்லை.

பூவைத் தேடி ஓடுவதைவிடப் பூவின் அருகே காத்திருப்பது பலன் தரும். கோடையின் பிற்பகுதியில் ருட்பெக்கியா, எக்கினேசியா, சூரியகாந்தி, கோல்டன்ராட், ஆஸ்டர் ஆகிய பூக்கள் நல்ல இடங்கள். உங்கள் நிழல் பூவின்மேல் விழாதபடி நில்லுங்கள். நிழல் விழுந்த கணமே தேனீ பறந்துவிடும். காலை வெயில் ஏறத் தொடங்கும் வேளையில் உடல் இன்னும் சூடேறாத தேனீக்கள் மெதுவாக இயங்குவதால், கூர்மையான படம் அப்போதுதான் எளிது.

சொந்தப் பின்வளவிலாயின், தேனீயைச் சிறிய கண்ணாடிப் போத்தலில் பிடித்து, குளிர்சாதனப் பெட்டியில் சில நிமிடம் வைத்து எடுத்தால் அது அசைவற்று இருக்கும். வெள்ளைத் தாளில் வைத்து வேண்டிய கோணங்களில் படமெடுத்துவிட்டு, வெயில்படும் பூவிலேயே விட்டுவிடலாம். சிறிது நேரத்தில் சூடேறிப் பறந்துவிடும். உறைநிலைப் பெட்டியில் வைக்கக் கூடாது. நசுக்கினாலன்றிப் பெண் கொட்டாது. ஆணுக்குக் கொடுக்கே இல்லை. ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றி எதையும் பிடிக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது. அங்கே படம் மட்டும் எடுங்கள்.

ஏழாம் படி: காலம், இடம், கூடு

நாள்காட்டியும் ஒரு சான்று. அகபோஸ்டெமன் விரெசென்ஸில் கருவுற்ற பெண்களே குளிர்காலத்தை மண்ணுக்குள் கழித்து, மே மாத அளவில் வெளிவருகின்றன. அவை இடும் முட்டைகளிலிருந்து பெண்களும் ஆண்களும் கோடையின் பிற்பாதியில் வெளிவரும். ஆண்களை ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் வரையே காணலாம். முதற்பனி கடுமையாகும்போது அவை இறந்துபோக, புதிதாகக் கருவுற்ற பெண்கள் மண்ணுக்குள் செல்லும். எனவே மே மாதப் படம் ஒன்றில் அகபோஸ்டெமன் ஆண் என்று யாரேனும் எழுதியிருந்தால், படத்தை இன்னொரு முறை பார்ப்பது முறை. பெரும்பாலும் அது மகரந்தம் படிந்த பெண்ணாகவோ வேறொரு பூச்சியாகவோ இருக்கும்.

இத்தேனீயின் கூடு தனித்த ஆர்வத்துக்கு உரியது, ஏனெனில் அது தேனீப் பெட்டியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் புதியது. பல பெண்கள் ஒரே வாயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளே ஒவ்வொன்றும் தனக்கென அறைகளை அமைத்துத் தன் குஞ்சுகளுக்கு மட்டுமே மகரந்தம் சேர்க்கிறது. அரசியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் ஜார்ஜ் ஐக்வோர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்து 1981இல் வெளியிட்ட ஆய்வு, வாயிலில் ஒரு பெண் காவலுக்கு நிற்பதை விரிவாகப் பதிவுசெய்தது. வெறும் மண்ணில் பென்சில் பருமனுள்ள துளை ஒன்றில் பச்சைத் தலை அசையாமல் வெளியே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டால், அருகே அமர்ந்து காத்திருங்கள். உள்ளே போகும் பெண்களின் வயிறு கறுப்பா என்று பார்க்கும் வாய்ப்பு அங்கே திரும்பத் திரும்பக் கிடைக்கும். நொமாடா ஆர்டிகுலாட்டா என்னும், குளவி போன்ற தோற்றமுடைய ஒட்டுண்ணித் தேனீ அத்துளையைச் சுற்றித் தாழப் பறப்பதையும் காணலாம். அது தன் முட்டையை அகபோஸ்டெமனின் அறையில் இடுவதற்கே வருகிறது. அதனைக் கண்டால் தனிப் பதிவாகச் சேர்த்துவிடுங்கள்.

தோட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்தையும் மரச்சீவலால் மூடிவிடும் வழக்கம் இத்தேனீக்கு இடமில்லாமற் செய்துவிடுகிறது. வெயில்படும் ஒரு மூலையை வெறும் மண்ணாக விட்டுவைக்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வெளியே தேடுவோருக்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் பூங்காவரை ஸ்காபரோவின் குறுக்கே மின்கம்பிப் பாதையில் 16 கிலோமீற்றர் நீளத்துக்கு அமைந்துவரும் மெடோவே புல்வெளியில், உள்நாட்டுப் பூச்செடிகள் விதைக்கப்பட்டுள்ளன. பலருக்கு அது நடந்து செல்லும் தூரத்திலேயே இருக்கிறது. நகரின் மேற்கே ஹை பார்க்கின் மணற்பாங்கான ஓக் மரப் புல்வெளி மற்றொன்று. மணலில் கூடமைக்கும் தேனீக்களைப் பார்க்க ஏற்ற இடம். பாதையிலிருந்து விலகாமலே இவ்விரண்டிலும் வேண்டிய அளவு காண முடியும்.

எட்டாம் படி: பெயரை எந்த மட்டத்தில் எழுதுவது

உயிரினப் படங்களைப் பதிந்து பெயர் அறிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் படத்தை ஏற்றியவுடன், கணினி தானே ஒரு பெயரை முன்மொழியும். அப்பெயர் பெரும்பாலும் இனத்தின் பெயராகவே இருக்கும். படத்தில் அதற்கான சான்று உண்டா என்பதைக் கணினி உங்களுக்குச் சொல்வதில்லை. ஆகவே முன்மொழிவை அழுத்துவதற்குமுன் மேற்கண்ட குறிகளில் எவை என் படத்தில் தெரிகின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள். பச்சை மார்பும், வெயிலில் கறுப்பென உறுதியான வயிறும், காலில் மகரந்தமும் தெரிந்தால் அகபோஸ்டெமன் விரெசென்ஸ், பெண். மஞ்சள் வரி தெரிந்தால் அகபோஸ்டெமன் பேரினம், ஆண். முழுப்பச்சையாயின் கிடைத்த குறியின் அளவுக்கு.

இவ்வாறு நிறுத்துவதைத் தோல்வியாகக் கருதுவோர், இதே குடும்பத்தின் லேசியோகுளோசம் பேரினத்தைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். அதன் டியலிக்டஸ் என்னும் துணைப்பேரினத்தைச் சேர்ந்தவை, அரிசிமணி அளவேயுள்ள, மங்கிய பச்சையோ நீலமோ ஒளிரும் தேனீக்கள். உங்கள் கையில் வியர்வைக்காக வந்து அமர்வது பெரும்பாலும் இவைதாம். அன்று ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த ஜேசன் கிப்ஸ், கனடாவின் டியலிக்டஸ் தேனீக்களை மீளாய்வு செய்து 2010இல் வெளியிட்ட நூலளவான கட்டுரையில் 84 இனங்களை விவரித்தார். அவற்றுள் 19 அதுவரை அறிவியலுக்கே புதியவை. அந்தப் புதியவற்றுள் ஒன்று ரொறன்ரோ நகரின் நடுவிலேயே காணப்பட்டது. கோடிக்கணக்கான கண்கள் கடந்துபோகும் தெருவில் பெயரில்லாத தேனீ ஒன்று வாழ்ந்திருந்தது என்றால், அது யாருடைய கவனக்குறைவும் அன்று. அவ்வளவு நுண்ணிய வேறுபாடுகள் அவை. செரட்டினாவிலும் இதுவே நடந்தது: பொதுவான இனம் ஒன்றின் பெயரால் நெடுங்காலம் பதிவாகிவந்த தேனீக்களிலிருந்து, செரட்டினா மிக்மாகி என்னும் தனி இனம் 2011இல்தான் பிரித்து விவரிக்கப்பட்டது.

இத்தகைய இடங்களில் உருவ ஒப்பீட்டுக்குத் துணையாக டிஎன்ஏ பட்டைக்குறியீடு பயன்படுகிறது. ஒன்ராறியோவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட்டின் குழு 2003இல் முன்வைத்த இம்முறை, உயிரணுவின் குறிப்பிட்ட ஒரு மரபணுத் துண்டை ஒப்பிட்டு இனங்களைப் பிரிக்கிறது. அதற்கு மாதிரி வேண்டும், ஆய்வகம் வேண்டும். மிக நெருங்கிய டியலிக்டஸ் இனங்கள் சிலவற்றில் அதுவும் தெளிவான விடை தருவதில்லை. தோட்டத்தில் நிற்கும் நமக்கு 'லேசியோகுளோசம், டியலிக்டஸ் துணைப்பேரினம்' என்பதே சரியான, முழுமையான விடை.

கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை கண்டு பெயரை நெருங்க உதவும் அடையாளத் திறவுகோலைப் பயன்படுத்திப் பழக விரும்புவோருக்கு, கிழக்குக் கனடாவின் தேனீப் பேரினங்களுக்கென யோர்க் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் பாக்கரும் அவருடன் பணியாற்றியோரும் 2007இல் உருவாக்கிய, படங்களுடன் கூடிய திறவுகோல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் விரெசென்ஸ் பெண்ணின் நல்ல படத்தை வைத்துக்கொண்டு, விடை தெரிந்த நிலையிலேயே அத்திறவுகோலின் வழியாக நடந்து பாருங்கள். ஒவ்வொரு கேள்வியும் உடலின் எந்த இடத்தைப் பற்றிக் கேட்கிறது என்பது அப்போது விளங்கும். விடை தெரியாத தேனீயில் தொடங்கினால் இரண்டாவது கேள்வியிலேயே சோர்வு வந்துவிடும்.

பதிவில் எழுத வேண்டியவை

நாள், இடம், பால், அமர்ந்திருந்த பூ, வயிற்றின் நிறத்தை எந்த ஒளியில் பார்த்தீர்கள் என்னும் குறிப்பு ஆகியவை பதிவில் இருக்கட்டும். சொந்த வீட்டில் எடுத்த படமாயின், முகவரி வெளித்தெரியாதபடி இடத்தை மறைத்துக் காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஆய்வாளருக்கு நகரப்பகுதி தெரிந்தாலே போதும். ஒரே தேனீயின் படங்களை மட்டும் ஒரு பதிவில் சேருங்கள். பூவில் அடுத்தடுத்து வந்த இரண்டு தேனீக்களின் படங்கள் கலந்துவிட்டால், எந்த வல்லுநராலும் அதைச் சீர்செய்ய இயலாது.

நீங்கள் இனப்பெயர் எழுதிய பதிவை வேறொருவர் பேரினத்துக்குத் திருப்பினால், அவர் எந்தக் குறியைத் தேடுகிறார் என்று கேளுங்கள். அவர் தரும் விடை, அடுத்தமுறை எந்தக் கோணத்தில் படமெடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும். வெட்டாத மூலப் படங்களை அழிக்காமல் வைத்திருங்கள். பெயர்கள் திருத்தப்படும் காலத்தில், பேரினத்தோடு நின்ற பதிவொன்று, மார்பின் பின்முகம் தெரியும் ஒரே ஒரு பழைய படத்தால் இனம்வரை போகக்கூடும்.